பேரேடு படமாகிவிட்டது, பதில் வந்துவிட்டதா? துப்பாக்கி ஆலைகளின் பழைய பதிவுகள் டிஜிட்டலாகும் விதம்

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்களின் நூறு, நூற்றைம்பது வருடப் பேரேடுகள் டிஜிட்டலாகின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு எண்ணங்கள் கூடவே கிளம்புகின்றன. வரிசை எண்ணைத் தட்டினால் துப்பாக்கியின் ஜாதகமே வந்து விழும் என்று சேகரிப்பாளர்கள் நினைக்கிறார்கள். யாரிடம் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியல் ஒன்று உருவாகிறது என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. ஆலையின் பேரேடு, ஒரு துப்பாக்கி ஆலையை விட்டுப் புறப்பட்ட கணம் வரைக்கும்தான் பேசும். அந்தப் பேச்சையும் ஸ்கேனர் நமக்குப் படித்துக் காட்டாது, படமாக எடுத்து மட்டும் கொடுக்கும். படத்துக்கும் தேடினால் கிடைக்கும் விடைக்கும் நடுவில் நடக்கும் வேலையைப் பற்றியே இந்தக் கட்டுரை.

எந்தப் பேரேடு?

பழைய ஆலைகள் ஒரே புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு பிரிவும் தன் தேவைக்கு ஒன்று வைத்திருந்தது. சேகரிப்பாளர்களுக்குப் பயன்படுபவை பெரும்பாலும் இவை:

1. எண் பதிவேடு. எந்த நாளில் எந்த வரிசை எண்கள் துப்பாக்கியின் உலோகச் சட்டகத்தில் பொறிக்கப்பட்டன என்பது. வின்செஸ்டர் நிறுவனத்தில் இது மெருகூட்டும் பிரிவின் புத்தகம்.
2. கிடங்குப் பேரேடு. முழுமையான துப்பாக்கி கிடங்குக்கு வந்த நாள், வெளியே போன நாள், குழல் வகை, தோட்டா அளவு, ஆர்டர் எண்.
3. இன்வாய்ஸ் புத்தகங்கள். யாருக்கு, எத்தனை, என்ன விலைக்கு.
4. கடித நகல் புத்தகங்கள். சிறப்பு ஆர்டர்களின் காரணம் இங்கேதான் இருக்கும்.
5. வரைபடங்கள், அச்சிட்ட விலைப்பட்டியல்கள்.

இவற்றில் எது தப்பிப் பிழைத்தது என்பது ஆலைக்கு ஆலை மாறும். ஹார்ட்ஃபர்டில் இருந்த கோல்ட் (Colt) துப்பாக்கி ஆலையில் 1864-இல் பெரும் தீ விபத்து நடந்தது. அதற்கு முந்தைய கோல்ட் ரிவால்வர்களைப் பற்றிக் கேட்டால் பல நேரம் பதில் கிடைக்காததற்கு அது முக்கியக் காரணம். வின்செஸ்டர் பேரேடுகள் இன்று வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) நகரில், பஃபலோ பில் மையத்தின் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கே 1873 மாடலுக்கு எண் 1 முதல் ஏறக்குறைய 720,000 வரை ஏடுகள் இருக்கின்றன. 1866 மாடலுக்கோ 124,995-இலிருந்து 170,101 வரைதான், ஆகவே அந்த மாடலின் தொடக்கக் காலத் துப்பாக்கிகள் எதற்கும் பேரேட்டு வரி கிடையாது. 1894 மாடலின் ஏடுகள் 353,999-ஓடு நின்றுவிடுகின்றன. அந்த மாடலின் பத்து லட்சமாவது ரைஃபிள் 1927-இல் அதிபர் கூலிட்ஜுக்குப் பரிசாகப் போனது. அதாவது முதல் பத்து லட்சத்திலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு வரி இல்லை. எவ்வளவு நல்ல ஸ்கேனர் வாங்கினாலும் இந்த இடைவெளி நிரம்பாது.

ஒவ்வொரு ஆலையின் குமாஸ்தாவும் ஒவ்வொன்றை முக்கியமாகக் கருதினார் என்பதையும் மறக்கக்கூடாது. வின்செஸ்டர் கிடங்குப் பேரேடு எண்கோணக் குழலா, வட்டக் குழலா, விசை எந்த வகை என்று விரிவாகச் சொல்லும். ஆனால் யாருக்குப் போனது என்று பொதுவாகச் சொல்லாது. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனங்களின் பதிவுகளில் போய்ச் சேர்ந்த இடம் இருக்கும். அதுவும் பெரும்பாலும் மொத்த வியாபாரியின் பெயர்தான். 1870-களின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்று நியூயார்க்கின் எம்.டபிள்யூ. ராபின்சனுக்குப் போனது என்று, பேரேட்டைப் பார்த்துத் தரும் சான்றுக் கடிதம் வந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, அவர்தான் அந்த நிறுவனத்தின் விற்பனை முகவர். அவரிடமிருந்து யார் வாங்கினார் என்பது ஆலைக்கே தெரியாது.

உரிமையாளர் பட்டியல் என்ற அச்சம் வேறொரு விஷயத்தோடு குழம்பி வருவது. கடையை மூடிய வியாபாரிகளின் விற்பனைப் பதிவுகள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள மத்திய அரசின் தடமறிதல் மையத்துக்குப் போகின்றன. அங்கேயும் ஸ்கேன் செய்கிறார்கள். ஆனால் துப்பாக்கி உரிமையாளர் பதிவகம் அமைப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதால், பெயரைப் போட்டுத் தேட முடியாத வெறும் படங்களாகவே அவற்றை வைத்திருக்கிறார்கள். ஆலைகளின் வரலாற்றுப் பேரேட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒரு துப்பாக்கிக்கு மூன்று தேதி

சேகரிப்பாளர்கள் நடுவே நடக்கும் சண்டைகளில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. உலோகச் சட்டகத்தில் எண் பொறித்த நாள் ஒன்று. முழுத் துப்பாக்கியாகக் கிடங்குக்கு வந்த நாள் இன்னொன்று. ஆலையை விட்டுப் போன நாள் மூன்றாவது. இவற்றுக்கிடையே சில வாரமும் இருக்கலாம், பல வருடமும் இருக்கலாம். எண் வரிசைப்படி துப்பாக்கிகள் வெளியே போகவும் இல்லை. கிடங்கில் முன்னால் அடுக்கியது முன்னால் போயிருக்கும், ஆழத்தில் கிடந்தது அங்கேயே கிடந்திருக்கும்.

இது வெறும் ஆர்வக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898-இலோ அதற்கு முன்போ தயாரான துப்பாக்கி 'பழம்பொருள்' ஆகிவிடும். மத்தியச் சட்டத்தின் உரிமம் சார்ந்த விதிகள் அதற்குப் பொருந்தா. சட்டம் கேட்பது தயாரிப்பு நாளை, அனுப்பிய நாளை அல்ல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .44 டபுள் ஆக்ஷன் ரிவால்வர் 1913 வரை விற்பனையில் இருந்தது. ஆனால் அதன் உலோகச் சட்டகங்கள் எல்லாம் 1899-க்கு முன்பே செய்து வைத்தவை. 1905-இல் அனுப்பியதாகக் கடிதம் வந்தாலும் அந்த ரிவால்வர் பழம்பொருள்தான்.

எனவே தரவுத்தளத்தில் 'தேதி' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் அந்தத் திட்டம் முதல் நாளிலேயே கெட்டுப்போகும். மூன்று தேதிக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்ற குறிப்பும் ஒவ்வொன்றோடும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

படம் எடுப்பது

இது ஒப்பீட்டளவில் எளிய பகுதி. ஆனாலும் இங்கே செய்யும் தவறை அப்புறம் திருத்துவது கடினம், ஏனென்றால் பேரேட்டை மறுபடியும் திறக்க எளிதில் அனுமதி கிடைக்காது.

1. முதலில் பக்க எண். ஏட்டில் அச்சிட்ட பக்க எண் இருந்தாலும் அதை நம்பாமல் தாள்களை எண்ண வேண்டும். கிழிந்த தாள், ஒட்டிக்கொண்ட தாள், இரண்டு முறை வந்த எண் ஆகியவை இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும்.

2. தொட்டில். பழைய தோல் அட்டை செந்தூளாக உதிரும். முதுகு முழுக்க விரியாது. தட்டையான ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் தையல் போய்விடும். 90 முதல் 110 பாகை வரை விரித்துத் தாங்கும் 'வி' வடிவத் தொட்டிலும், மேலிருந்து படமெடுக்கும் கேமராவும் வேண்டும். பழைய இரும்பு மை அரித்த தாளின் மேல் கண்ணாடியை அழுத்தினால் எழுத்து இருக்கும் இடத்திலேயே தாள் உடையும்.

3. இரண்டு பக்கமும் ஒன்றாக. கிடங்குப் பேரேட்டில் ஒரு துப்பாக்கியின் வரி இடது பக்கத்தில் தொடங்கி வலது பக்கத்தில் முடிவது உண்டு. ஒரே கேமராவால் முதலில் இடது பக்கங்களையும் பிறகு வலது பக்கங்களையும் எடுத்தால் வேலை வேகமாக முடியும். ஆனால் நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போனால் அதற்குப் பிந்தைய அத்தனை ஜோடிகளும் இடம் மாறிவிடும். ஒரு துப்பாக்கியின் குழல் இன்னொன்றின் தேதியோடு போய் ஒட்டிக்கொள்ளும். படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் எல்லா வரியும் நம்பும்படியாகவே இருக்கும். விரித்த இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு கேமராவால் எடுப்பதே பாதுகாப்பு.

4. வண்ணம். கறுப்பு வெள்ளையாக எடுத்தால் கோப்பு சிறிதாகும். கூடவே பென்சில் குறிப்புகள் மறையும், சிவப்பு மைத் திருத்தத்துக்கும் மூல எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். வண்ண அட்டை ஒன்றைச் சட்டகத்தில் வைத்தே எடுக்க வேண்டும்.

5. அளவு. அங்குலத்துக்கு 400 பிக்சல், 24 பிட் வண்ணம், சுருக்காத டிஃப் கோப்பு என்பது ஏடுகளுக்குப் போதுமான தரம். 30 செ.மீ.க்கு 45 செ.மீ. உள்ள ஒரு பக்கம் இந்தக் கணக்கில் சுமார் 100 எம்பி ஆகும். 400 பக்க ஏடு 40 ஜிபி. அப்படி 300 ஏடு இருந்தால் 12 டிபி. மூன்று பிரதி வைக்காத காப்பகத்தைக் காப்பகம் என்று சொல்ல முடியாது என்பதால் 36 டிபி. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை எடுத்த அன்றே கணக்கிட்டு வைத்தால்தான், ஐந்து வருடம் கழித்து வட்டில் கெட்டது எது என்று தெரியும்.

6. செருகிய துண்டுச் சீட்டுகள். ஏட்டுக்குள் இருக்கும் நிலையில் ஒரு படம், எடுத்து வெளியே வைத்து முன்னும் பின்னும் தனிப்படம். சீட்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதே சில நேரம் அதன் முழுப் பொருளும்.

கடித நகல் புத்தகங்களுக்குத் தனிக் கவனம் தேவை. அந்தக் காலத்தில், நகல் மையால் எழுதிய கடிதத்தின் மேல் ஈரப்படுத்திய மெல்லிய தாளை வைத்து அழுத்துவார்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறித் தாளின் அடியில் பதியும், மறுபக்கத்திலிருந்து தாளை ஊடுருவிப் படிக்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் செருகாமல் படமெடுத்தால் மூன்று கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். பேரேட்டைவிடப் பல மடங்கு நேரம் தின்னும் வேலை என்பதால் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளிவைக்கும் காலத்தில் அந்த மை மங்கிக்கொண்டே போகிறது.

எழுத்தாக்கம்: செலவு எல்லாம் இங்கேதான்

மணிக்கு 100 பக்கம் என்று வைத்தாலும் 400 பக்க ஏட்டைப் படமெடுக்க 4 மணி நேரம் போதும். பக்கத்துக்கு 40 வரி என்றால் அந்த ஏட்டில் 16,000 வரி இருக்கும். வரிக்குப் பத்துக் கட்டம், ஒரு வரியைத் தட்ட ஒரு நிமிடம் என்று கொண்டால் 267 மணி நேரம். இருவர் தனித்தனியாகத் தட்டினால் 533. 'ஆவணங்கள் டிஜிட்டலாகிவிட்டன' என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், அந்த 4 மணி நேர வேலை முடிந்ததா, 533 மணி நேர வேலையும் முடிந்ததா என்று கேட்க வேண்டும்.

கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. நூற்றுக்கு 98 எழுத்து சரி என்றால் கடிதத்துக்கு அது அருமையான விளைவு, சொல்லைப் பார்த்து நாமே பிழையைத் திருத்திப் படித்துவிடுவோம். எண்ணில் அப்படி ஊகிக்க வழியில்லை. ஒவ்வோர் இலக்கமும் 98 சதவீதம் சரி என்றால் ஆறு இலக்கமும் சரியாக இருக்கும் வாய்ப்பு 88.6 சதவீதம்தான். 16,000 வரியில் ஏறக்குறைய 1,800 வரிசை எண்கள் தவறு. 1-உம் 7-உம், 3-உம் 8-உம், 0-உம் 6-உம் மாறினால் கிடைப்பதும் நியாயமான ஒரு துப்பாக்கி எண்ணாகவே இருக்கும். அது வேறொருவரின் துப்பாக்கி, அவ்வளவுதான்.

ஏடு வரிசை எண்படி எழுதப்பட்டிருந்தால் இதைப் பிடிப்பது எளிது, முந்தைய எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்தால் போதும். இன்வாய்ஸ் புத்தகம் நாள்படி ஓடுவதால் எண்கள் முன்னும் பின்னும் தாவும், அங்கே இந்தச் சோதனை உதவாது. இருவர் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தட்டி, மாறுபடும் கட்டங்களை மட்டும் மூன்றாமவர் படத்தோடு ஒப்பிடுவதே இதுவரை நம்பகமான வழி. முதல் ஆளின் விடையைத் திரையில் காட்டி 'சரிபார்' என்று சொன்னால் இரண்டாமவர் கண்ணும் அதையே படிக்கும்.

குமாஸ்தாவின் குறுக்குவழிகள் தனிப் பாடம்.

மேற்படிக் குறியை எடுத்துக்கொள்வோம். நம் பழைய பத்திரங்களில் ௸ போடுவது போல அங்கே இரண்டு சிறு கோடுகள். ஒரு பக்கத்தின் முதல் வரியில் 'எண்கோணம்' என்று எழுதிவிட்டு அடுத்த 39 வரிக்கும் கோடு போட்டிருப்பார். அதை விரித்துத் தட்டத்தான் வேண்டும், இல்லையென்றால் தேட முடியாது. ஆனால் முதல் வரியைத் தவறாகப் படித்தால் நாற்பது துப்பாக்கியும் தவறாகிவிடும். அதனால் 'எழுதியபடி' ஒரு கட்டம், 'விரித்தபடி' இன்னொரு கட்டம் என்று இரண்டும் வேண்டும்.

எண்ணிலும் இதே சிக்கனம். பக்கத் தலைப்பில் முழு எண்ணை எழுதிவிட்டு அடுத்தடுத்த வரிகளில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் எழுதுவார். 99 முடிந்து 00 வரும்போது முன்பகுதி மாறுகிறது. தட்டுபவர் அதைக் கவனிக்காவிட்டால் அங்கிருந்து எல்லா எண்ணும் நூறு குறைவாகப் போகும்.

தேதி: அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில், நாள் அடுத்து. ஆண்டு பல நேரம் பக்கத் தலைப்பில் மட்டும் இருக்கும். மாதமும் ஆண்டும் மட்டும் தெரிந்தால் நாளை வெறுமையாக விட வேண்டும். மென்பொருள் அடம்பிடிக்கிறது என்று 1-ஆம் தேதி என்று போட்டால், பின்னால் ஆய்வு செய்பவர் 'ஒவ்வொரு மாதமும் முதல் நாள் ஏன் இவ்வளவு துப்பாக்கி போனது' என்று மண்டையை உடைத்துக்கொள்வார்.

இன்னொன்று, வரிசை எண் மட்டும் ஒரு துப்பாக்கியை அடையாளம் காட்டாது. பல ஆலைகள் ஒவ்வொரு மாடலுக்கும் 1-இலிருந்து எண்ணத் தொடங்கின. மாடல், முன்னெழுத்து, எண் மூன்றும் சேர்ந்ததே சாவி.

வெற்றிடம் மூன்று வகை

தேடினால் 'பதிவு இல்லை' என்று வருவது எதைக் குறிக்கும்?

1. அந்த எண் இருந்த ஏடே பிழைக்கவில்லை.
2. ஏடு இருக்கிறது, எண்ணும் இருக்கிறது, எதிரே ஒன்றும் எழுதவில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சேகரிப்பாளர்கள் இதைப் 'பேரேட்டில் திறந்தபடி' இருப்பதாகச் சொல்வார்கள்.
3. எழுதியிருக்கிறது, ஆனால் மை பரவியோ தாள் கிழிந்தோ படிக்க முடியவில்லை.

முதலாவது துப்பாக்கியைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இரண்டாவது, ஆலைக் குமாஸ்தாவைப் பற்றி ஏதோ சொல்கிறது. மூன்றாவதை நாளை வேறு ஒளியில் படமெடுத்துப் படிக்கவும் கூடும். மூன்றையும் ஒரே வெற்றுக் கட்டமாகத் தட்டுவது இத்தகைய திட்டங்களில் அடிக்கடி நடப்பது. நம் கணக்கில் மிகப் பெரிய தவறும் அதுதான், ஏனென்றால் விற்பனை மேடையில் அந்த வெற்றுக் கட்டம் 'போலி' என்றோ 'ரகசிய ஆர்டர்' என்றோ பொருள் கொள்ளப்படும்.

எல்லாவற்றையும் திறந்துவிடலாமா?

காப்பகங்கள் தரும் சான்றுக் கடிதத்துக்குக் கட்டணம் உண்டு. அந்தப் பணம்தான் பல இடங்களில் ஏடுகளைக் காப்பாற்றுகிறது, எனவே இலவசமாகத் திறக்கத் தயக்கம் இருப்பது புரிகிறது. அதைவிட வலுவான தயக்கம் போலிகளைப் பற்றியது.

இங்கே தேடலின் திசையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணைக் கொடுத்து விவரத்தைக் கேட்பது, கையில் துப்பாக்கி வைத்திருப்பவரின் கேள்வி. விவரத்தைக் கொடுத்து எண்ணைக் கேட்பது, உதாரணமாக 'ஆலையிலேயே செதுக்கு வேலை செய்து, முத்துச்சிப்பிக் கைப்பிடியோடு போன ரிவால்வர்களின் எண்களைக் காட்டு' என்பது, ஆய்வாளரின் கேள்வியும் போலி செய்பவரின் கேள்வியும். சாதாரணத் துப்பாக்கியை அந்த விவரத்துக்கு ஏற்ப மாற்றி, எண்ணையும் மாற்றிவிட்டால் காப்பகமே அதற்குச் சான்று தந்துவிடும். முதல் திசையைப் பொதுமக்களுக்குத் திறந்து, இரண்டாவதை விண்ணப்பித்து வரும் ஆய்வாளருக்கு மட்டும் கொடுப்பது நியாயமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. ஆய்வுக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான். எத்தனை துப்பாக்கிக்கு அரை எண்கோணக் குழல் போட்டார்கள் என்று எண்ணுவதற்குக்கூட விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட தொகை எண்ணிக்கைகளை எண்கள் இல்லாமல் தனியாக வெளியிட்டுவிடலாம்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும், தட்டிய வரியோடு பக்கத்தின் படமும் கிடைக்க வேண்டும். படமில்லாத வரி, யாரோ ஒருவர் படித்த விதம் மட்டுமே.

கேட்பவர் கவனிக்க வேண்டியவை

1. சரியான எண்ணைப் படியுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் தோட்டா உருளையை வெளியே திருப்பினால் தெரியும் எண், பழைய துப்பாக்கிகளில், பாகங்களைப் பொருத்தும்போது ஆலை போட்ட அடையாள எண். வரிசை எண் கைப்பிடியின் அடியில் இருக்கும். பெரிய கைப்பிடி மாட்டியிருந்தால் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

2. எண்ணே இல்லையென்றால் பதறாதீர்கள். 1968-க்கு முன் அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிக்கும் வரிசை எண் கட்டாயமில்லை. மலிவான .22 ரைஃபிள்கள் பல எண் இல்லாமலே வந்தன. அவற்றுக்குப் பேரேட்டில் தேட ஒன்றுமில்லை.

3. மாடல், தோட்டா அளவு, குழல் நீளம், காப்புரிமைத் தேதி வரி ஆகியவற்றின் படங்களையும் எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள். குழல் நீளத்தை, உள்ளே ஒரு குச்சியை விட்டு மூடிய அடிப்பாகத்திலிருந்து அளப்பது ரைஃபிளுக்கு. ரிவால்வருக்கு உருளைக்கு முன்னால் குழல் தொடங்கும் இடத்திலிருந்து.

4. பதிலில் 'திரும்பி வந்து பழுது பார்த்தது' என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். வின்செஸ்டர் ஏடுகளில் அது 'ஆர் அண்ட் ஆர்' என்று இருக்கும். குழல் பொருந்தவில்லை என்று போலி முத்திரை குத்தப்பட்ட துப்பாக்கி ஒன்று, ஆலைக்கே திரும்பிப்போய்க் குழல் மாற்றிக்கொண்டு வந்ததாக இருக்கலாம். என்ன பழுது என்பதைப் பேரேடு பெரும்பாலும் சொல்லாது.

5. 'பதிவு இல்லை' என்று வந்தால் விடாதீர்கள். மேலே சொன்ன மூன்றில் எது என்று கேளுங்கள். ஏட்டின் எண், பக்க எண் இரண்டையும் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை அந்தப் பக்கத்தை யாராவது திரும்பப் படித்தால் உங்கள் கேள்விக்கும் மறுபடி உயிர் வரும்.